குழி மூடுகிற நாளில் தெருவில் நில்லுங்கள்

எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடு. டெல்டாவில் ஒரு சின்ன நகராட்சி, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். தெருவின் நடுவில் எங்கள் வீடு. வீட்டு முன்பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, கேழ்வரகு, கோதுமை என்று காலையிலிருந்து தூக்குவாளியும் பையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 2023 பிப்ரவரியில் பாதாளச் சாக்கடைக்காக இந்தத் தெருவைத் தோண்டினார்கள். மறுபடியும் ரோடு என்று ஒன்று வந்தது 2024 ஜூலையில்தான். பதினேழு மாதம். இனிமேல் தோண்டப் போகிற தெருக்காரர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை.

தோண்டுவதற்குப் பத்து நாள் முன்னால் இரண்டு பேர் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஒருவர் முக்காலியில் கருவி வைத்துப் பார்க்க, இன்னொருவர் அளவுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நின்றார். நான் மில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். வெயிலுக்கு மோர் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மையில் எல்லாவற்றையும் கேட்க வேண்டிய நாள் அதுதான். வேலையை எடுத்தது எந்தத் துறை, ஒப்பந்ததாரர் யார், தளத்தில் நிற்கப் போகிற பணி ஆய்வாளர் யார், அவர் போன் நம்பர் என்ன, எந்தத் தேதியில் எங்கள் தெரு, ஆள் இறங்கும் குழி யார் வீட்டு வாசலில் வரும். அன்றைக்குக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். அப்புறம் அதே பதில்களுக்கு நான் ஐந்து மாதம் அலைந்தேன்.

குறிப்பாக அந்தக் குழி விஷயம். ஏறக்குறைய முப்பது மீட்டருக்கு ஒன்று வருகிறது. எங்கள் தெருவில் ஒரு குழி சரியாக ஒரு வீட்டு வாசற்படிக்கு நேரே வந்துவிட்டது. அந்த வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பெரியவர் உண்டு. நான்கு அடி தள்ளிப் போட்டிருக்கலாமா என்று பின்னால் பொறியாளரிடம் கேட்டேன். "தோண்டறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா பார்த்திருக்கலாம்மா, இப்போ ரெண்டு பக்கமும் குழாய் சேர்த்தாச்சே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

சரி, ஜேசிபி வந்த நாள். காலை ஏழு மணிக்கு வந்து, எட்டரைக்குள் எட்டாம் நம்பர் வீட்டுக்கு எதிரே குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டது. ஓட்டுகிற பையனைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய குழாய் எங்கே போகிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே அது தெரிந்த ஒருவர் இருந்தார். நகராட்சியில் குழாய் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கோடி வீட்டு ஐயா. மறுநாளிலிருந்து அவரை ஒரு நாற்காலி போட்டு ஜேசிபிக்கு முன்னால் உட்கார வைத்தோம். "இங்கே ரெண்டடில குழாய் இருக்கு தம்பி, மெதுவா", "இது செத்த குழாய், எடுத்துடு" என்று அவர் கைத்தடியால் காட்டிக்கொண்டே வந்தார். மீதி முப்பது வீடு தாண்டுகிற வரைக்கும் ஒரே ஒரு வீட்டு இணைப்புதான் அறுந்தது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். வரைபடத்தில் இல்லாதது அவர் நினைவில் இருக்கும். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

உடைந்த குழாயால் வந்த பெரிய ஆபத்து தண்ணீர் வராமல் போனது அல்ல, வந்த தண்ணீர். நம் ஊர்களில் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம் விட்டு அடைத்துவிடுவார்கள். அடைத்த பிறகு குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். பக்கத்தில் தேங்கி நிற்கிற சாக்கடை, ஒட்டுப் போட்ட இடத்தில் சின்ன இடுக்கு இருந்தாலும் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது அதுதான். எங்கள் தெருவில் மூன்று நாளில் நான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாடையும் பெரிதாக இல்லை.

அன்றைக்கு நான் செய்தவற்றில் சரியான காரியம் ஒன்று. சுகாதார ஆய்வாளரை நேரில் பார்த்து, "எங்கள் தெருக் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பாருங்கள்" என்று கேட்டேன். கடைசி வீடு என்று சொல்வது முக்கியம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்தால் எப்போதும் சரியாகவே காட்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் கடைசி வீட்டில் நிறமே ஏறவில்லை. அந்த வெற்றுக் கண்ணாடிக் குழாயை அவர் பார்த்த பிறகுதான் காரியம் நடந்தது. அன்று சாயந்திரமே தண்ணீர் லாரி வந்தது, ஒட்டைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள், தெரு முழுக்கக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிப் போனார்கள். "தண்ணி சரியில்லை சார்" என்று நாங்கள் முந்தின இரண்டு நாள் சொன்னதற்கு யாரும் அசையவில்லை. அதிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அளந்து காட்டக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.

அடுத்தது தெருவுக்குள் வண்டி வராத பிரச்சினை. இதில் சின்ன விஷயங்கள் எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவைதான். குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி உள்ளே வர முடியாது என்றதும், காலை ஆறரைக்குத் தெரு முனையில் நிற்கும்படி தூய்மைப் பணியாளர் அக்காவிடம் பேசி வைத்தோம். அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. கேஸ் சிலிண்டரை முனையிலேயே இறக்கி, என் மில் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தோம்.

பெரிய விஷயம் வேறு. மார்ச் மாதம் பக்கத்து வீட்டு அத்தைக்கு இரவு பதினோரு மணிக்கு மூச்சுத் திணறல். 108 வந்துவிட்டது, ஆனால் தெரு முனையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் வீடு நூற்றைம்பது மீட்டர். ஒரு பக்கம் ஆறடிப் பள்ளம், இன்னொரு பக்கம் மண்மேடு, நடுவில் நடக்க இரண்டடி. அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் பக்கவாட்டில் நடக்க இடமில்லாமல் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிக்கொண்டு, மண்மேட்டின் மேல் ஏறி இறங்கிப் போனோம். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, என் மகன் வெறுங்காலோடு நடந்தான். அத்தை பிழைத்து வந்தார். ஆனால் ஏப்ரலில் எதிர் வரிசை ஐயா ஒருவர் இறந்தபோது ஐஸ் பெட்டியை அதே வழியாகத் தூக்கிக்கொண்டு வந்ததும், மறுநாள் அவரை அதே மண்மேட்டின் மேல் தூக்கிக்கொண்டு போனதும் எங்கள் தெருவுக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். பாடை சாய்ந்துவிடக் கூடாதே என்று எல்லாரும் தரையைப் பார்த்தே நடந்தோம். அழக்கூட முடியவில்லை.

இவ்வளவும் தவிர்த்திருக்கக் கூடியது. தெரு முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டிப் போட வேண்டியதில்லை. ஓர் ஆள் இறங்கும் குழியிலிருந்து அடுத்த குழி வரைக்கும் தோண்டி, குழாய் போட்டு, மூடிவிட்டு, அப்புறம் அடுத்த துண்டைத் தோண்டலாம். பள்ளத்தின் குறுக்கே கனமான இரும்புத் தகடு இரண்டு போட்டால் அவசரத்துக்கு ஒரு வண்டி தாண்டும். பின்னால் இன்னொரு தெருவில் அப்படித்தான் செய்தார்கள். காரணம், அந்தத் தெருக்காரர்கள் தோண்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டிருந்தார்கள். டயாலிசிஸ் போகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர் என்று கதவு எண்ணோடு ஒரு பட்டியல் போட்டு, ஆணையருக்கு ஒன்று, பொறியாளருக்கு ஒன்று, ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளருக்கு ஒன்று. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

வீட்டு இணைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டடப் பரப்பைப் பார்த்து வைப்புத் தொகை கேட்டார்கள், தவணையில் கட்ட விட்டார்கள். சொத்து வரி பாக்கி இருந்தவர்களுக்கு விண்ணப்பம் நின்றது. அதனால் வரியை முதலில் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இணைப்பு கொடுத்த பிறகு பழைய செப்டிக் டேங்கைக் காலி செய்து மண் போட்டு மூட வேண்டும். அதற்குக் கூலிக்கு ஆள் பிடித்து உள்ளே இறக்கிவிடாதீர்கள். பல வருஷம் மூடிக் கிடந்த தொட்டியின் விஷவாயு ஆளை நொடியில் சாய்த்துவிடும். மனிதரை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. 14420 என்ற எண்ணில் கூப்பிட்டால் கழிவுநீர் லாரிக்கு வழி சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆளை இறக்கப் போனபோது நானும் இரண்டு பெண்களும் போய் மூடியின் மேல் நின்றுகொண்டோம். லாரி வருகிற வரை நகரவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

குழாய் போட்ட பள்ளத்தை 2023 ஏப்ரலில் மூடினார்கள். தோண்டி எடுத்த அதே களிமண். வெயிலில் காய்ந்து, தேங்காய் அளவு கட்டியாக இருந்தது. அதை ஜேசிபி வாயால் தள்ளி, மேலே இரண்டு தடவை சக்கரத்தை ஓட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்க மேடாக, நன்றாக மூடியது போலத்தான் இருந்தது. ஆனால் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் எல்லாம் காற்று. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. தண்ணீர் உள்ளே இறங்க இறங்கக் கட்டிகள் கரைந்து, மண் அப்படியே கீழே உட்கார்ந்தது. நவம்பரில் தெரு நெடுக ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால். மல்லி அரைக்க வந்த ஒரு பாட்டி அதில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பால் வண்டி அச்சோடு இறங்கியது.

சரியான முறை என்ன என்று பின்னால் ஒரு கட்டட மேஸ்திரி சொன்னார். குழாயைச் சுற்றி மணல். அதன் மேல் ஒவ்வொரு சாண் கனத்துக்கு மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையாலோ இடி இயந்திரத்தாலோ கெட்டித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. இதற்கு நேரமும் கூலியும் அதிகம். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் முதலில் விட்டுப்போவதும் இதுதான். மூடிய பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. எனவே குழி மூடுகிற நாளில் தெருவில் நில்லுங்கள். வேலைக்கு லீவு போட வேண்டும் என்றால் அன்றைக்குப் போடுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, அடுக்கு அடுக்காகப் போடுகிறார்களா என்று நின்று பார்த்தாலே போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் படம் எடுங்கள். படத்தில் ஒரு வீட்டுக் கதவு எண்ணோ மின்கம்பத்தின் எண்ணோ தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தெருவின் பள்ளம் என்று பின்னால் சொல்ல முடியாது. எங்களிடம் நவம்பர் மாத வாய்க்காலின் படம் நூறு இருந்தது, ஏப்ரலில் மண் தள்ளியதன் படம் ஒன்றுகூட இல்லை.

மழைக்குப் பிறகு மனு அலைச்சல். கவுன்சிலர், நகராட்சி, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள், 1100 எண் என்று எல்லா வாசலையும் தட்டினேன். எங்கே கொடுத்தாலும் கடைசியில் மனு வந்து சேர்வது அதே உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான். அதனால் மேலே கொடுப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். மேலிருந்து வருகிற மனுவுக்கு ஒரு எண் இருக்கும், அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். ஆனால் மேலே போவதற்கு முன்னால் அந்த மேசையில் இருப்பவரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். எங்கள் உதவிப் பொறியாளர் சின்ன வயதுப் பெண். பன்னிரண்டு வார்டு அவருக்கு. முதல்முறை அவரிடமே போகாமல் கலெக்டரிடம் போனது அவரைப் புண்படுத்தியிருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். அப்புறம் எங்களுக்கு அதிகம் உதவியவரும் அவர்தான்.

யாருடைய ரோடு என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தெரு நகராட்சியுடையது. தெரு போய்ச் சேருகிற பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. இரண்டும் சேரும் இடத்தில் இருந்த பள்ளத்துக்கு இரண்டு மாதம் மனு கொடுத்தேன். தப்பான அலுவலகத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. நெடுஞ்சாலைத் துறைக்கு 'நம்ம சாலை' என்று ஒரு செயலி வந்திருக்கிறது, பள்ளத்தின் படத்தை அதில் ஏற்றலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஒன்றிய அலுவலகம். ஒரே ஊருக்குள் நாலு துறையின் ரோடு இருக்கும், ஒரே மாதிரிதான் இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் முழுதும் தெரியாது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதற்கடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நான் செய்த முதல் தப்பு, "ஏன் இன்னும் ரோடு போடவில்லை?" என்று கேட்டது. ஏன் என்பதற்குப் பதில் வராது, ஏனென்றால் அது கோப்பில் இருக்காது. கோப்பில் இருக்கிற தாளைக் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை, எங்கள் தெருவின் பணி ஆணை நகல், மதிப்பீட்டு நகல், பள்ளம் மூடியதற்கான அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம்) எழுதியிருக்கும் பக்கம் என்று கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லி இருபத்தேழாம் நாள் கடிதம் வந்தது. அந்தத் தாள்களில்தான் பார்த்தேன், அடுக்கடுக்காகக் கெட்டித்து மூடியதாக அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. மழையில் உட்கார்ந்த வாய்க்காலின் படத்தையும் அந்தப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து ஆணையரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. இருபது நாளில் ஒப்பந்ததாரரே வந்து, பள்ளத்தை மறுபடி திறந்து, கிராவல் போட்டு, தண்ணீர் விட்டுக் கெட்டித்தார். அவர் வைப்புத் தொகை நகராட்சியிடம் இருக்கிறது, பொறுப்புக் காலம் முடிகிற வரை திரும்பக் கிடைக்காது என்பது அந்த ஒப்பந்தப் பக்கத்தில் இருந்தது.

அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில் 'ஜே' என்ற உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். தாள் மட்டுமல்ல, நடந்துகொண்டிருக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று இருக்கிறது. ரோடு வேலை தொடங்குமுன் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு கொடுத்து வைத்தோம். மாதிரி எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

2024 ஜனவரியில் கான்கிரீட் ரோட்டுக்கு மன்றத்தில் தீர்மானம் ஆனது. நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டோம். அது இரண்டாவது பெரிய தப்பு. மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, அன்றே நடத்தை விதியும் வந்தது. ஏற்கெனவே தளத்தில் தொடங்கிவிட்ட வேலை தொடரலாம், தொடங்காததைத் தொடங்கக் கூடாது. எங்கள் பணி ஆணை கையெழுத்தாகி நான்கு நாள் ஆகியிருந்தது, ஒரு கூடை ஜல்லிகூட இறங்கவில்லை. ஜூன் முதல் வாரம் வரை மூன்று மாதம் போயிற்று. தேர்தல் வருகிற வருஷம் என்றால் அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே வேலையைத் தொடங்க வையுங்கள்.

ஆனால் அந்த மூன்று மாதம் எங்களுக்கு ஒரு நல்லதும் செய்தது. மதிப்பீட்டு நகலைச் சாவகாசமாகப் படித்தபோது கவனித்தேன். பழைய ரோட்டின் மேலேயே அடித்தளமும் கான்கிரீட்டும் சேர்த்து எட்டு அங்குலம் உயர்த்துவதாக இருந்தது. எட்டு அங்குலம் என்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு டியூப் லெவல் பிடித்தோம்.

நாற்பது அடி நீளத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூப். அதில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும் என்று கொத்தனார் மூன்று தடவை தண்ணீரைக் கொட்டி நிரப்பினார். ஒரு முனையை என் மில் சுவரில் போட்ட கோட்டில் நான் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையை அவர் அடுத்த வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோனார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஆடுகிற தண்ணீர் அடங்குகிற வரை பொறுத்திருந்து, அடுப்புக்கரியால் ஒரு கோடு. அப்படியே முப்பத்தெட்டு வீடும். பிள்ளைகள் பின்னாலேயே வந்து, கோட்டிலிருந்து நிலைப்படி எவ்வளவு கீழே என்று டேப்பால் அளந்து, கதவு எண்ணோடு நோட்டில் எழுதினார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டிப் பார்த்தோம். எட்டு அங்குலம் ஏறினால் பத்தொன்பது வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வரும். பதினோரு வீட்டின் நிலைப்படி ரோட்டுக்குக் கீழே போய்விடும். அந்தப் பதினொன்றில் தன் வீடும் இருப்பதைப் பார்த்துவிட்டு, கடன் வாங்கிக் கட்டிய ஒரு தம்பி அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உதவிப் பொறியாளரைப் பார்த்தோம். கூடவே இன்னொரு தாள். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தியிருந்தார். அந்தச் செய்தியின் நகல். உதவிப் பொறியாளர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதை யார் எடுத்தது?" என்றார். பிள்ளைகள் என்றேன். மறுநாள் தானே கருவியோடு வந்து ஆறு வீட்டில் சரிபார்த்தார். எங்கள் அளவுக்கும் அவர் அளவுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. மதிப்பீடு திருத்தப்பட்டது. பழைய தளத்தை உடைத்து எடுத்துவிட்டுப் போடுவதாக ஆனது. உடைத்து எடுக்கிற செலவுக்கு வேறு ஏதோ இனத்தில் குறைத்து அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

ஜூலையில் ரோடு போட்டபோது இரண்டு காரியம் செய்தோம். இரண்டுக்கும் அவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கினோம். ஒன்று, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் நாலு வீட்டுக்கு ஓர் இடமாக, தெருவின் குறுக்கே காலி பிவிசி குழாய் போட்டு இரண்டு முனையையும் மூடி வைத்தோம். செலவை வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூலித்துக்கொண்டோம். நாளைக்குக் குடிநீர் இணைப்போ இன்டர்நெட் கேபிளோ வந்தால் ரோட்டை வெட்ட வேண்டாம். குழாய் இருக்கும் இடத்தைச் சுவரில் பெயின்ட் அடித்துக் குறித்திருக்கிறோம். அதற்குள் மூன்று இணைப்பு அந்த வழியாகப் போய்விட்டது.

இன்னொன்று தண்ணீர் கட்டுவது. கான்கிரீட் காய்வதால் கெட்டியாவதில்லை, ஈரத்தோடு இருந்தால்தான் வலு ஏறும். முழு வலுவை எட்ட இருபத்தெட்டு நாள் கணக்கு. முதல் இரண்டு வாரம் ஒரு பொழுதும் காயவிடக் கூடாது. ஒப்பந்த ஆட்கள் மண்பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். காலையில் பெண்கள், சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். வைக்கோலும் பழைய சாக்கும் பரப்பி அதன் மேல் தண்ணீர் ஊற்றினோம். பதினைந்து நாள், ஒருநாளும் விடவில்லை. சாக்குகளெல்லாம் என் மில்லில் சேர்ந்திருந்தவை. அந்த வருஷ ஆகஸ்ட்டில் ரோட்டைத் திறந்தபோது முதலில் உள்ளே வந்தது எதிர்பாராமல் ஒரு 108. பக்கத்து வீட்டு அத்தைக்கே மறுபடியும். இந்தத் தடவை வண்டி அவர் வாசலில் வந்து நின்றது.

முதல் மழையில் இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக்கு எதிரே ஒரு முழம் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியது. ஒரு குழியின் மூடியைச் சுற்றிச் சின்ன விரிசல். படம் எடுத்து, ஒப்பந்தப் பக்கத்தின் நகலையும் வைத்து, ஒரே ஒரு கடிதம் எழுதினோம். ஒன்பது நாளில் வந்து சரி செய்தார்கள். எங்கள் ரோட்டின் பொறுப்புக் காலம் மூன்று வருஷம், 2027 ஜூலை வரை. அந்தத் தேதியை மில் சுவரில், கரிக்கோட்டுக்குப் பக்கத்தில், பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குள் இன்னும் ஒரு ஐப்பசி மழை இருக்கிறது. அந்த மழையில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று குறித்து வைக்க, தெருக் கோடியிலும் நடுவிலும் ஒவ்வொரு வீட்டில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம்.